ராணி வேஷத்தில் எடுத்த படம்

சுவிஸ் நாட்டில், பேர்ண் நகரில் வாரத்துக்கு இரண்டு நாள் நான் துப்புரவு வேலைக்குப் போய்வந்த வீட்டில், செத்துப்போன நடிகர்கள் சுவர் முழுக்க நின்றார்கள். எல்லோரும் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து நாடகக்காரர்கள். கிரீடம் வைத்தவர், கவசம் போட்டவர், பொய்த்தாடி ஒட்டியவர், ஆண்பிள்ளை உடுப்பில் வாள் பிடித்த பெண் என்று எத்தனையோ பேர். தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறப் படங்கள். வீட்டுக்கார அம்மா எழுபதைத் தாண்டியவர், தனியாள். ஒரு போட்டோ ஸ்டூடியோவில், படங்களில் ஊரார் முகங்களிலிருந்த பருவையும் மருவையும் தூரிகையால் அழித்தே வாழ்நாள் முழுக்கச் சம்பளம் எடுத்தவர். அந்தச் சம்பளத்தில்தான் இந்த நடிகர்களை ஒவ்வொருவராக வாங்கிச் சேர்த்திருந்தார்.

தூசு தட்டலாம், படத்தைக் கழற்றக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ அவற்றைத் தொடவே பயம். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கண்ணாடி உடைந்தால் பொலிஸ், பொலிஸ் வந்தால் விமானம் என்று என் மனம் தானாகவே ஓடிப்போய்க் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கிவிடும். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறவரும் அவர்தான்.

பேர்ணை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. நான், கணவர், கணவருடைய அக்கா. மச்சாள் எங்களிடம் வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கணவர் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். ஒருநாள் காலையில் கடை திறக்கப் போனவரை ஆமி பிடித்துக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். பிறகு எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவர் இல்லை என்றுதான் பதில். வீடும் எரிந்துபோனது. மச்சாள் எஞ்சியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு தம்பியிடம் வந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது.

காலையில் முகம் கழுவியதும் மச்சாள் செய்கிற முதல் வேலை, நெற்றியில் குங்குமத்தை நல்ல பெரிதாக வைப்பது. ஊரில் இருந்தபோது அவ்வளவு பெரிதாக வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஆட்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு தேத்தண்ணிக் கோப்பைக்குள் கண்ணை விட்டுக்கொள்வார்கள். ஒருத்தி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை உந்தப் பொட்டு? நீர்தான் பக்குவமா எடுத்துச் சொல்லவேணும்."

அன்றைக்கு அவளுக்குத் தேத்தண்ணி சீனியில்லாமல்தான் கிடைத்தது. ஆனாலும் அவள் சொன்னதை நானும் மனதுக்குள் எப்போதோ நினைத்திருந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில், முகாம்களுக்குள் போய்க் கைதிகளைப் பார்க்க வெளிநாட்டவர் சிலருக்கு அனுமதி கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். காணாமற்போனவருடைய விபரத்தையும் படத்தையும் பேர்ணில் ஓர் அலுவலகத்தில் கொடுத்தால், அவர்கள் கொண்டுபோய் முகாம் முகாமாகக் காட்டி விசாரிப்பார்கள். ஓடிப்போனோம். அங்கிருந்தவர் இளைஞர், மரியாதையானவர். முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் வேண்டும், இந்த மாத முடிவுக்குள் கொண்டுவாருங்கள் என்றார்.

"படம் இல்லை. எல்லாம் வீட்டோடை எரிஞ்சுபோச்சு" என்றார் மச்சாள். பஸ்ஸில் திரும்பும்போதும் அதையே சொன்னார். கணவர் ஊருக்குக் கடிதம் எழுதினார், கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படம்கூட யாரிடமும் இல்லை. மாதம் கரைந்துகொண்டு வந்தது. மனிதர் எங்கோ உயிரோடு இருந்து, ஒரு துண்டுப் படம் இல்லாத குற்றத்துக்கு நாங்கள் அவரைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சாள் தன் சேலைகளுக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். படம்தான். ஒரு ராணியின் படம். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய அரண்மனையும் படிக்கட்டும். கிரீடம், நெற்றிச்சுட்டி, மை தீட்டிய கண், வட்டப் பொட்டு, கழுத்தில் தாலியும் அட்டியலும். ஒரு கை இடுப்பில், மற்றக் கை நாடிக்குக் கீழே, கழுத்து நேராக நிமிர்ந்து. சங்கக்கடை மனேச்சர் இசை நாடகங்களில் பெண் வேஷம் கட்டுகிறவர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். கோயில் திருவிழாவில் அவர் ராணியாக வந்து பாடினால், விடியும்வரை சனம் அசையாது. படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் இதைத் தன் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததால்தான் இது தப்பியிருந்தது. ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பு மச்சாள் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

கணவர் படத்தைக் கையில் எடுக்கவே இல்லை. "அக்கா, காணாமப்போன மனுசனைத் தேடித் தாங்கோ எண்டு சொல்லி ஒரு பொம்பிளையின்ரை படத்தைக் குடுத்தால் அவை என்ன நினைப்பினம்? எங்களுக்கு விசர் எண்டு நினைப்பினம். இல்லாட்டிக் கள்ளர் எண்டு நினைப்பினம்."

"அதுதானே நான் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை" என்றார் மச்சாள்.

கணவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நாட்களில் எங்களுடைய ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கிறவர்கள் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். இந்தப் படத்தால் எங்கள் அகதிக் கோப்பும் கெட்டுவிடுமோ என்ற நினைப்பு எனக்கும் வந்தது. அப்படி வந்ததே என்று என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த வேலை நாளில் வீட்டுக்கார அம்மா மேசையில் ஓர் அல்பத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்குப் பாதி ஜெர்மன், அவருக்கு நாடகப் புத்தகங்கள் படித்துப் பழகிய ஆங்கிலம். இரண்டையும் கலந்துதான் கதைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் மீசை வைத்த போர்வீரன். எதிர்ப்பக்கத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட கவுனில் ஒரு பெண். இருவரும் ஒருவரே என்றார். நான் நம்பவில்லை. நடுவில் முட்டை வடிவத்தில் ஓட்டை வெட்டிய ஒரு கறுப்புக் காகிதத்தை எடுத்துப் போர்வீரன் மேல் வைத்தார். தொப்பியும் கவசமும் மறைந்து முகம் மட்டும் தெரிந்தது. பிறகு அதையே அந்தப் பெண்ணின் மேல் வைத்தார். அதே கண், அதே மூக்கு.

நான் அழத் தொடங்கிவிட்டேன். அந்த அம்மா பதறிப்போய்க் கைக்குட்டை தேடினார். எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் கொட்டி ராணியின் கதையைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து, ஒரு பெட்டியைத் திறந்து, தூரிகைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். படத்தைக் கொண்டுவா, பெரிதாக ஒரு பிரதி எடுத்து அதில் கிரீடத்தையும் நகையையும் மூடிவிடுகிறேன், உள்ளே இருக்கிற ஆண் வெளியே வருவார் என்றார். பல்லுப் போன மணப்பெண்களுக்கே தான் பல்லு வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் சொன்னபோது கணவருக்கு முகம் மலர்ந்தது. மச்சாள் படத்தை மட்டும் என்னிடம் தந்தார். பிரதி தயாரானதும், "நானும் வாறன்" என்றார்.

மாத முடிவுக்குச் சில நாட்களே இருந்தன. மச்சாள் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக மெல்ல நடந்தார். ஒவ்வொரு நடிகருக்கு முன்னாலும் நின்றார். கோயில் சுற்றுகிறமாதிரி என்று நினைத்தேன். இல்லை, பரிசோதனை நடந்துகொண்டிருந்தது.

"இவன் ராசா இல்லை. சேனாதிபதி நிக்கிற நிலை. கிரீடத்தை மட்டும் மாத்திப்போட்டிருக்கினம்" என்றார். இன்னொருவரைக் காட்டி, "இவருக்கு ஒப்பனை போட்டவனுக்கு அவசரம். தாடி ஒரு பக்கம் கழண்டு நிக்குது" என்றார்.

வீட்டுக்கார அம்மா என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தாடியைப் பார்த்தார். "மெர்சி" என்று நன்றி சொல்லி மச்சாளுக்குத் தலை குனிந்தார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு மச்சாள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

பிறகு மூவரும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தோம். பெரிதாக்கிய பிரதி ஒரு பலகையில் குத்தப்பட்டிருந்தது. வீட்டுக்கார அம்மா சாம்பல் நிற வர்ணத்தைத் தட்டில் குழைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையின் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கினார். வாழ்நாள் பழக்கம். முகத்தில் புள்ளி இருந்தால் முதலில் அதிலிருந்துதான் தொடங்குவார். ராணியின் நெற்றிப் பொட்டில் தூரிகையை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினார். பொட்டு போய்விட்டது. அதே வேகத்தில் தூரிகை கழுத்துக்கு இறங்கித் தாலிக்கொடியின் மேல் ஒரு கோடு இழுத்தது.

மச்சாளிடமிருந்து வந்தது அழுகை இல்லை, அலறல். பாய்ந்து அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். தட்டு கவிழ்ந்து வெள்ளை மேசை விரிப்பில் வர்ணம் ஓடியது.

"ஐயோ, அழிக்காதையுங்கோ! அழிக்காதையுங்கோ! என்ரை கண்ணுக்கு முன்னாலை…"

ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கையை என் மச்சாள் முறுக்கிப் பிடித்திருக்கிறார். பொலிஸ், விமானம், கட்டுநாயக்கா எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் அதற்கும் மேலே வேறொரு பயம் வந்து இவற்றை மூடிக்கொண்டது. நானும் பார்த்துவிட்டேன். பொட்டுப் போன நெற்றியையும் தாலி போன கழுத்தையும் பார்த்துவிட்டேன். எத்தனை சாவீடுகளில் எத்தனை பெண்களுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இது ஒரு படம், ஒரு பிரதி, ஒரு ஆணின் வேஷம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மச்சாளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் இல்லை, பயம்தான். என்ன செய்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கணவன் இறந்தால் எங்கள் பெண்களுக்கு இந்தப் பொட்டையும் தாலியையும்தான் எடுப்பார்கள் என்று சொன்னேன். அவர் மச்சாளின் நெற்றியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"ஆனால் படத்தில் இருப்பது வேஷம்தானே?" என்று கேட்டார்.

"வேஷம்தான். அழித்தது வேஷமில்லை" என்றேன். அது அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை.

மச்சாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார். "அவவிட்டைச் சொல்லும். அந்தப் பொட்டு நான் வைச்சுவிட்டது. நாடகத்துக்கு வெளிக்கிடேக்கை எல்லாத்தையும் ஒப்பனைக்காரன் செய்வான். பொட்டு மட்டும் நான்தான். அண்டைக்கு ஸ்டூடியோவிலையும் நான்தான் வைச்சனான்."

சொன்னேன். வீட்டுக்கார அம்மா குசினிக்குப் போய்ப் பஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்தார். ஈரமான வர்ணத்தை நெற்றியிலிருந்தும் கழுத்திலிருந்தும் துடைத்தார். பொட்டு திரும்பி வந்தது. தாலியும் வந்தது. மச்சாள் அதற்கு மேல் குனிந்து, ஒரு துளி சாம்பல் நிறமும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார். மேசை விரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தரம் தோய்த்தேன், கறை போகவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் பெரிய சண்டை. கணவர் தன் அக்காவோடு குரலை உயர்த்திக் கதைத்ததை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"படத்திலை அழிச்சால் ஆள் செத்துப்போவாரோ அக்கா? ஆளைக் கண்டுபிடிக்கிறதைப் பாப்பமோ, பொட்டைப் பாப்பமோ?"

"அப்ப இப்பிடியே குடு" என்றார் மச்சாள். "கிரீடத்தோடை குடு, பொட்டோடை குடு. அவர் ஒண்டும் களவெடுத்துப்போட்டு நிக்கேல்லை, வெக்கப்பட."

"சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். சிரிச்சுப்போட்டுத் தேடட்டும்."

கணவர் என்னைப் பார்த்தார், நான் யார் பக்கம் என்று. அறிவு அவர் பக்கம்தான் நின்றது. ஆனால் எனக்கு அந்த வெறும் நெற்றி இன்னும் கண்ணிலேயே இருந்தது. "நீங்கள் வரவேண்டாம், நானும் மச்சாளும் போறம்" என்றேன். கோபித்துக்கொண்டு பல்கனியில் போய் நின்றார். அடுத்த நாள் எங்களுக்கு முன்பே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவரும் அவர்தான்.

அலுவலகத்து இளைஞர் படத்தை வாங்கிப் பார்த்தார். நிமிர்ந்து மச்சாளைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"இல்லை, இவருடைய கணவர்" என்றேன்.

அவர் திரும்பவும் படத்தைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். நாடகம், வேஷம், எங்கள் ஊரில் ஆண்கள்தான் பெண்களாக நடிப்பார்கள் என்றெல்லாம் என் உடைந்த ஜெர்மனில் அடுக்கிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அவர் படத்தோடு எழுந்து உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் இரண்டு குரல்கள். சிரிப்பு வருகிறதா என்று காதைக் கூராக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கோப்பை எடுக்கிறார்களோ, யாருக்கோ தொலைபேசி எடுக்கிறார்களோ என்றெல்லாம் நினைத்தேன்.

திரும்பி வந்து, வேறு படம் இல்லையா என்று கேட்டார்.

"நைன்" என்றார் மச்சாள். இல்லை என்பதற்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் கற்ற சொல். அவர் ஜெர்மனில் வாய் திறந்ததை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

படம் போய்விட்டது. பிறகு காத்திருந்தோம். குளிர் வந்தது. தபால்காரன் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் ஜன்னலுக்குப் போவேன், எட்டிப் பார்க்காமல் திரும்புவேன். நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று கணவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தால், அதைத்தான் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே யோசனைதான். முகாமில் இருப்பவர்களிடம் ஒரு ராணியின் படத்தை நீட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? ஒரு சாதாரண முகத்தைக் கொடுத்திருந்தால் யாராவது ஓம் என்றிருப்பார்களோ? மச்சாள் மட்டும் காலையில் எழும்பினார், முகம் கழுவினார், குங்குமம் வைத்தார், வேலைக்குப் போனார். அந்தத் தைரியத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. கெட்ட செய்தி வந்தால் இவரை யார் தாங்கிப் பிடிப்பது?

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மூவரையும் வரச்சொல்லி அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. காரணம் சொல்லவில்லை. பஸ்ஸில் மச்சாள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் அவருடைய நெற்றியைப் பார்க்காமல் இருக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த இளைஞர் எங்களை உட்காரவைத்து, எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நான் அதை மச்சாளுக்கும் கணவருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். படத்தைப் பல முகாம்களில் காட்டினார்களாம். ஒருவருக்கும் தெரியவில்லை. தெற்கே கடைசியாகப் போன முகாமில் கைதிகளை வரிசையாக உட்காரவைத்துப் படத்தை உயர்த்திப் பிடித்தார்களாம். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினாராம். மொட்டைத்தலை, முன்பல் இல்லை, நன்றாக மெலிந்தவர். அவர் தன் பேரைச் சொல்லவில்லை, ஒன்றுமே கதைக்கவில்லை. ஆனால்…

இந்த இடத்தில் அவருக்கு எனக்கேற்ற சுலபமான சொல் கிடைக்கவில்லை. யோசித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மேசைக்கு முன்னால் வந்தார். முகம் சிவந்துவிட்டது. இடது கையை இடுப்பில் வைத்தார். வலது கையின் விரல்களை நாடிக்குக் கீழே கொண்டுபோனார். தலையைத் தோள் பக்கமாகச் சரித்துக் கண்ணைத் தாழ்த்தினார்.

"இப்படி நின்றாராம்" என்றார்.

"படத்தைப் பாத்து ஆரும் அப்பிடி நிக்கலாம்தானே" என்று கணவர் மெல்லச் சொன்னார். நம்பினால் ஏமாந்துவிடுவோம் என்ற பயம் எனக்கும் இருந்தது.

மச்சாள் எழுந்து நின்றார். அந்த இளைஞரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்திலை கழுத்து நேராத்தான் இருக்கு" என்றார். "ஸ்டூடியோக்காரன் அப்பிடி நிமித்தி வைச்சவன். சரிக்கிறது மேடையிலை மட்டும்தான்."

அவர் முன்னால் போய், வேஷமில்லாமல் நின்ற அந்த இளைஞரின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, தலையை இன்னும் கொஞ்சம் சரித்தார்.

"அவர்தான்" என்றார். பிறகுதான் அழுதார்.